பாயிண்ட்

கிழங்கு லோடு வந்தால் அர்த்தநாரிதான் பாயிண்ட் பார்ப்பார்.
கூடையில் அள்ளி, தண்ணீருக்குள் தொங்கவிட்டு, முள்ளைப் பார்த்து
இருபத்தாறு என்பார், இருபத்தேழு என்பார்.
எவ்வளவு மாவு என்பது அந்த எண்ணில் இருக்கும்.
காட்டுக்காரர் வாங்கிய கடனும் அதில்தான் இருக்கும்.
இருபதுக்குக் கீழே போனால் மட்டும்
நிமிராமல் சொல்வார்.

செவ்வாய்க்கிழமை, மூன்றாவது லாரி.
"இருபத்…"
மீதி வரவில்லை.
வலது வாயோரம் கீழே இறங்கியது.
பேனா உருண்டு தொட்டிக்குள் விழுந்தது.

லோ சுகர் என்று யாரோ கத்தினார்கள்.
யாரோ இல்லை. நான்.
என் மச்சினன் ஒருமுறை அப்படி விழுந்து
சர்க்கரைத் தண்ணீரில் எழுந்து உட்கார்ந்திருக்கிறான்.
டீ டம்ளரில் மூன்று கரண்டி,
விரலாலேயே கலக்கி
கோணிய வாயில் ஊற்றினேன்.
பாதி சட்டையில் வழிந்தது.
மீதி எங்கே போனதென்று
அம்மாப்பேட்டை நெரிசலில் ஆம்புலன்ஸ் நின்ற நேரமெல்லாம்
கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

பெரியாஸ்பத்திரி. சிஸ்டர் ஜெசிந்தா விரலில் குத்தினார்.
முந்நூற்றுப் பதினெட்டு.

"அவருக்குச் சுகரே இல்லைங்க,
மாம்பழ சீசன்லகூட ஒரு கீத்துக்கு மேல தொடமாட்டாருங்க"
என்றார் பாவாயி அக்கா.
"வாயில ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்றார் டாக்டர்.
நான் சுவரில் 'காலணிகளை வெளியே விடவும்' படித்தேன்.
இரண்டு முறை படித்தேன்.

மணிக்கு ஒரு குத்தல்.
இருநூற்றுத் தொண்ணூற்றாறு. இருநூற்று எண்பத்தொன்று.
இடது விரலில் குத்தினால் முகம் சுளிக்கிறார்.
வலது கை போர்வை மேல் கிடக்கிறது,
யாரோ மறந்து வைத்துப்போன மாதிரி.
பக்கத்துக் கட்டில்காரர் பெயரைக் கேட்டுவிட்டு
பாதி உடம்பென்று ஏதோ சொல்ல வந்தார்.
அக்கா பார்த்த பார்வையில் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டரை மணிக்குச் சொல்லிவிட்டேன்.
மூணு கரண்டி, சிஸ்டர்.

எழுதிக்கொண்டே சொன்னார்:
"ஊத்துனது தப்பு. புரையேறி நெஞ்சுக்குள்ள போயிருந்தா
அது ஒண்ணே போதும்.
ஆனா முந்நூறு உங்க கரண்டியில வந்தது இல்ல.
மூளையில அடைப்பு விழுந்தா உடம்பு பயந்துக்கும்,
இருப்பை எல்லாம் தொறந்து கொட்டும்.
இல்லாட்டி ரொம்ப நாளா இருந்து
யாரும் பாக்காம விட்டிருக்கலாம்.
எதுன்னு மூணு மாசக் கணக்கு டெஸ்ட்டு சொல்லும்.
எதுவானாலும் இப்ப இறக்கணும், மெதுவா,
ஒரேடியா இறக்குனாலும் ஆகாது."

நாலு வருஷம் முன்னால் ஷெட்டில் தீப்பிடித்தது.
வாட்ச்மேன் குடோன் கதவுகள் அத்தனையும் திறந்துவிட்டார்.
ஜவ்வரிசி மூட்டைகளை ரோட்டில் எறிந்தோம்.
தீ அந்தப் பக்கம் வரவே இல்லை.
மழைதான் வந்தது,
விடியும்போது ரோடெல்லாம் கூழ்.
காப்பாற்றத்தான் திறந்தார்.

பதினெட்டு வருஷமாக
வாழப்பாடிக் கிழங்கு, ராசிபுரத்துக் கிழங்கு,
எல்லாவற்றையும் வெட்டிப் பார்த்தோம்.
இந்த மனுஷனிடம் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்க
எங்களுக்குத் தோன்றவில்லை.
அவருக்கும்தான்.

ஐந்தரை. ஜன்னலில் ஏற்காட்டு மலை
இருட்டிலிருந்து இன்னும் பிரியவில்லை.
நூற்று எழுபத்து நாலு.
"குறைஞ்சிருச்சுங்களா? அப்ப கை வந்துருமா?"
ஜெசிந்தா பஞ்சை விரலில் அழுத்திப் பிடித்தபடி
"குறைஞ்சது நல்லதுங்க" என்றார்.
அதோடு நிறுத்திக்கொண்டார்.

அர்த்தநாரி கண் திறந்து மிஷினையே பார்த்தார்.
எண் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது.
நூத்தி எழுபத்தி நாலுங்கண்ணா என்றேன்,
நிமிராமல்.

ஆறு மணிக்கு லாரிக்காரர் போன்.
லோடு அப்படியே நிற்கிறதாம்,
நின்றால் கிழங்கில் பாயிண்ட் இறங்கும், தெரியாதா,
எத்தனை போட்டாரு, சொல்லு.

அவரு இன்னும் சொல்லி முடிக்கலைங்க என்றேன்.